அழித்துவிட்டு மீண்டும் கட்டிப் பார்த்தேன்: கே3எஸ்-அன்சிபிள் ஒரு மதிப்பீடு

பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து அவற்றில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் இலகுவான வடிவமான கே3எஸ்-ஐ ஒரு கணினியில் நிறுவ ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். நிறுவல் ஸ்கிரிப்டை இறக்கி ஓடவிட்டால், தேநீர் ஆறுவதற்குள் ஒரு நோடு (அந்தக் கூட்டில் ஓர் அங்கமான கணினி) தயாராகிவிடும். அப்படியிருக்க, அதை நிறுவுவதற்கென்று தனியாக ஒரு தானியக்கத் தொகுப்பு எதற்கு என்று நானும் கேட்டதுண்டு. முதல் முறை நிறுவும்போது அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. எட்டு மாதம் கழித்து, எந்தக் கணினியில் எந்த விருப்பத்தைக் கொடுத்தோம் என்பது யாருக்கும் நினைவில் இல்லாத ஒரு நாளில், ஒரு கணினி செயலிழந்து நிற்கும்போதுதான் விடை கிடைக்கிறது. ஆகவே இந்த மதிப்பீட்டுக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரை, அதாவது இப்படிச் சேர்த்த நோடுகளின் கூட்டை, முழுவதுமாக அழித்துவிட்டு, கையில் உள்ள கோப்புகளை மட்டும் கொண்டு அதைப் பழையபடி எழுப்ப முடிகிறதா என்பதே அது.

நான் எடுத்துக்கொண்டது, கே3எஸ் திட்டத்தினரே கிட்ஹப்பில் பராமரித்து வரும் கே3எஸ்-அன்சிபிள் என்ற பிளேபுக் தொகுப்பு. அன்சிபிள் என்ற தானியக்கக் கருவி ஓட்டும் படிகளை எழுதிவைத்த கோப்புதான் பிளேபுக். ஓட்டிப் பார்த்த இடம் எங்கள் சிறிய அலுவலகம். பழைய பொருளாக வாங்கிய மூன்று மினி கணினிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 8 ஜிபி ரேம். அவற்றோடு 4 ஜிபி ரேம் கொண்ட இரண்டு ராஸ்பெர்ரி பை 4 பலகைகளும் உள்ளன. வருகைப் பதிவு, ஆவணக் கிடங்கு, வாடிக்கையாளரிடம் காட்டும் முன் நாங்கள் சரிபார்க்கும் சோதனைத் தளங்கள் ஆகியவை இந்த ஐந்திலும் பரவி ஓடுகின்றன. பெரிய நிறுவனங்களின் சுமையோடு இதை ஒப்பிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இத்தகைய சிறிய இடங்களுக்காகத்தான் கே3எஸ் உருவானது என்பதால், சோதனைக் களம் பொருத்தமானதே.

கூகுள் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட குபர்னெட்டிஸ், 2015 ஜூலையில் 1.0 பதிப்பை எட்டியது. ஆங்கிலத்தில் பத்து எழுத்துகள் கொண்ட அந்தப் பெயரை, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையில் எட்டு எழுத்துகள் இருப்பதால் கே8எஸ் என்று சுருக்கி எழுதுவது வழக்கம். அதில் பாதி அளவே நினைவகம் எடுக்கும் ஒன்றை உருவாக்க விரும்பியவர்கள், பத்தில் பாதியான ஐந்து எழுத்துச் சொல்லை அதே முறையில் சுருக்கி கே3எஸ் என்று பெயரிட்டார்கள். அந்த ஐந்தெழுத்துச் சொல் எது என்று கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்பதுதான் அதிகாரபூர்வமான பதில். ரான்ச்சர் லேப்ஸ் நிறுவனத்தில் டேரன் ஷெப்பர்ட் உருவாக்கிய இது 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 1.0 வந்தது. 2020 ஆகஸ்டில் திட்டம், திறந்த மூலத் திட்டங்களைப் பேணும் சிஎன்சிஎஃப் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் ரான்ச்சர் லேப்ஸை சூசே நிறுவனம் வாங்கியது. அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வரும் இந்த மென்பொருளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இதன் இலகுத்தன்மை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் பல குழப்பங்கள் தீரும். வழக்கமான குபர்னெட்டிஸில் தனித்தனிச் செயல்முறைகளாக ஓடும், கட்டளைகளை ஏற்கும் ஏபிஐ சர்வர், ஷெட்யூலர், கன்ட்ரோலர் மேனேஜர் ஆகியவை கே3எஸ்-இல் ஒரே செயல்முறைக்குள் அடங்கிவிடுகின்றன. மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு பொதிந்த கன்டெய்னர்களை இயக்கும் கன்டெய்னர்டி, வலையமைப்புக்கான ஃப்ளானல், பெயர் தேடலுக்கான கோர்டிஎன்எஸ், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கிப் பிரித்தனுப்பும் டிரஃபிக், உள்ளூர் வட்டில் இடம் ஒதுக்கும் லோக்கல்-பாத் சேமிப்பு ஆகிய அனைத்தும் அதனுடனேயே வருகின்றன. இவையெல்லாம் வேண்டாம் என்றால் ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கவும் வழி உண்டு. கிளஸ்டரின் நிலையைக் குறித்த தரவுகளை வைக்க எட்சிடி என்னும் தரவுத்தளம் கட்டாயமில்லை. சர்வர், அதாவது கிளஸ்டரை நிர்வகிக்கும் நோடு, ஒன்று மட்டும் இருந்தால் எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளம் போதும், அதற்கான மொழிபெயர்ப்பு வேலையைக் கைன் என்ற சிறு அடுக்கு செய்கிறது. சர்வருக்கு இரண்டு கோர், 2 ஜிபி ரேம், மென்பொருள்களை ஓட்ட மட்டும் பயன்படும் நோடான ஏஜென்டுக்கு ஒரு கோர், 512 எம்பி ரேம் என்பவை ஆவணங்கள் சொல்லும் குறைந்தபட்சத் தேவைகள். அந்தக் குறைந்தபட்சம் கே3எஸ் ஓடுவதற்கு மட்டுமே. நம் மென்பொருள்களுக்கு வேண்டியதை அதன் மேல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி பிளேபுக் தொகுப்பைப் பார்ப்போம். அன்சிபிள் 2012-இல் மைக்கேல் டிஹான் உருவாக்கிய கருவி. 2015 முதல் ரெட் ஹாட் வசம் இருக்கிறது. இலக்குக் கணினிகளில் எந்தச் சேவையையும் முன்கூட்டியே நிறுவிவைக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்ஹெச் என்னும் தொலைநுழைவு வழியே நுழைய முடிந்து, பைத்தானும் இருந்தால் போதும். கே3எஸ்-அன்சிபிள் தொகுப்பில் நாம் தொட வேண்டியது பெரும்பாலும் ஒரே கோப்புதான். இன்வென்டரி என்னும் அந்த யாம்ல் கோப்பில் சர்வர்கள் யார், ஏஜென்ட்கள் யார், எந்தப் பதிப்பு வேண்டும், டோக்கன் (சேர வரும் நோடு காட்ட வேண்டிய ரகசியச் சொல்) எது, ஏபிஐ முகவரி எது என்ற ஐந்து விவரங்களை எழுதிவிட்டால் கிளஸ்டரின் உருவம் முழுவதும் அதில் வந்துவிடுகிறது. எங்கள் கோப்பு நாற்பது வரிகளைத் தாண்டவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் படித்தாலே எங்களிடம் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இதை நான் மிக முக்கியமான சிறப்பாகக் கருதுகிறேன். தனியாக ஆவணம் எழுதி, அது பழசாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை இல்லை.

நிறுவலுக்கு முந்தைய ஆயத்தங்களைத் தொகுப்பே பார்த்துக்கொள்கிறது. ஐபி ஃபார்வர்டிங்கை இயக்குவது, கணினியில் தீயரண் இயங்கினால் வேண்டிய போர்ட்களைத் திறந்துவிடுவது போன்றவை அதில் அடங்கும். ஏபிஐ-க்கு 6443, நோடுகளை இணைக்கும் ஃப்ளானலின் விஎக்ஸ்லானுக்கு யூடிபி 8472, ஒவ்வொரு நோடிலும் கன்டெய்னர்களைக் கவனிக்கும் குபலெட்டுக்கு 10250, எட்சிடிக்கு 2379, 2380 என்ற எண்களை ஒவ்வொரு கணினியிலும் கையால் திறந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எட்டாயிரத்துச் சொச்சம் எண்ணை ஒரு கணினியில் மட்டும் மறந்துவிட்டால், நோடுகள் எல்லாம் தயார் என்றே காட்டும், ஆனால் அந்தக் கணினியில் உள்ள கன்டெய்னர்கள் மற்றவற்றோடு பேசாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாளைச் செலவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ராஸ்பெர்ரி பை பலகைகளுக்கென்று தனியாக ஒரு ரோல் (ஒரு வேலைக்கான படிகளின் தொகுதி) இருக்கிறது. அந்தப் பலகைகளின் இயங்குதளத்தில் நினைவகப் பயன்பாட்டுக்கு வரம்பிடும் சிகுரூப் வசதி இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அதை இயக்காமல் கே3எஸ் தொடங்கவே தொடங்காது. தொடக்க அளபுருக்கள் உள்ள கோப்பில் உரிய சொற்களைச் சேர்த்து, பலகையை மறுதொடக்கம் செய்து, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த படிக்குப் போவது என்று எல்லாவற்றையும் அந்த ரோல் செய்துவிடுகிறது. இன்டெல் கணினியும் ஆர்ம் பலகையும் கலந்திருப்பதை நிறுவல் தானே அறிந்து, உரிய பைனரியை எடுத்துக்கொள்கிறது. நம் மென்பொருள்களின் கன்டெய்னர் படிமங்கள் இரண்டு வகைச் செயலிகளுக்கும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வகைக்கு மட்டும் கட்டிய படிமம் மற்ற வகை நோடில் போய் விழுந்தால் அது தொடங்கும்போதே இறந்துவிடும்.

முதல் முறை ஓட்டியபோது என் கவனக்குறைவால் ஒரு தடங்கல் நேர்ந்தது. இரண்டு பலகைகளுக்கும் ஒரே எஸ்டி கார்டுப் பிரதியைப் போட்டிருந்தேன். இரண்டுக்கும் ஒரே ஹோஸ்ட் பெயர். கே3எஸ்-ஐப் பொறுத்தவரை பெயர்தான் நோடின் அடையாளம். முதலில் வந்த பலகை அந்தப் பெயருக்கு ஒரு கடவுச்சொல்லைப் பதிந்துகொள்ள, இரண்டாவது பலகை அதே பெயரோடு வேறு கடவுச்சொல்லைக் காட்டியதால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. இந்த ஏற்பாடு பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்பட்டது, நியாயமானதும்கூட. ஆனால் பிளேபுக் திரையில், சேவை தொடங்கக் காத்திருக்கிறது என்ற வரி மட்டும் அசையாமல் நின்றது. காரணம் அந்தப் பலகையின் சிஸ்டம் பதிவேட்டில்தான் இருந்தது. அன்றே, எல்லாப் பெயர்களும் வேறு வேறாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் ஒரு சிறு படியை எங்கள் பக்கத்திலிருந்து பிளேபுக்கின் முன்னால் சேர்த்துவிட்டோம். அன்சிபிளில் அது நான்கு வரி வேலை.

மூன்று மினி கணினிகளையும் சர்வர் பிரிவில் எழுதியதும், தொகுப்பு தானாகவே உள்ளடங்கிய எட்சிடியோடு, ஒரு சர்வர் விழுந்தாலும் கிளஸ்டர் நிற்காத உயர்-கிடைப்பு முறையில் கிளஸ்டரை அமைத்தது. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதைத் தொகுப்பின் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. பெரும்பான்மை இருந்தால்தான் எட்சிடி எழுத அனுமதிக்கும். மூன்றில் ஒன்று போனால் தாங்கும், ஐந்தில் இரண்டு போனால் தாங்கும். இரண்டு சர்வர் வைப்பது ஒன்றை வைப்பதைவிட மோசமானது, ஏனெனில் இரண்டில் எது விழுந்தாலும் பெரும்பான்மை போய்விடும். இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு உயர்-கிடைப்பு அமைத்துவிட்டதாக நம்பும் இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தத் தொகுப்பின் பெரிய இடைவெளி இங்குதான் வருகிறது. மூன்று சர்வர்கள் இருந்தாலும், ஏபிஐ முகவரி என்று இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுவது முதல் சர்வரின் முகவரிதான். ஏற்கெனவே கிளஸ்டரில் சேர்ந்துவிட்ட ஏஜென்ட்களுக்கு இதனால் பாதகமில்லை. கே3எஸ் ஏஜென்டுக்குள்ளேயே ஒரு சிறு சுமைப்பகிர்வு உண்டு, அது எல்லாச் சர்வர்களின் முகவரியையும் அறிந்துவைத்துக்கொண்டு, ஒன்று விழுந்தால் அடுத்ததற்கு மாறிக்கொள்ளும். ஆனால் நம் கையில் உள்ள குபெகான்ஃபிக் (கிளஸ்டரோடு இணைவதற்கான முகவரியும் சான்றும் உள்ள கோப்பு) முதல் சர்வரை நோக்கியே இருக்கும். புதிதாகச் சேர வரும் நோடும் அந்தக் கதவைத்தான் தட்டும். முதல் சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தபோது, மென்பொருள்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் கிளஸ்டரிடம் கேள்வி கேட்க எனக்கு வழியில்லாமல் போனது. முன்னால் ஒரு சுமைப்பகிர்வியையோ மெய்நிகர் முகவரியையோ வைத்துக்கொள்ளலாம், அது இத்தொகுப்பின் எல்லைக்கு வெளியே என்று குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். நேர்மையான அறிவிப்புதான், ஆனாலும், உயர்-கிடைப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தும் ஒரு தொகுப்பு இந்தக் கடைசி அடியையும் எடுத்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாங்கள் கியூப்-விஐபி என்ற சிறு மென்பொருளை வைத்து இந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டோம். அது மூன்று சர்வர்களுக்கும் பொதுவான ஒரு முகவரியை ஏஆர்பி என்னும் வலையமைப்பு நெறிமுறை வழியாக அறிவித்து, வைத்திருக்கும் சர்வர் விழுந்தால் அந்த முகவரியை இன்னொன்றுக்கு மாற்றுகிறது. அந்த முகவரி ஏபிஐ சர்வரின் சான்றிதழிலும் இடம்பெற வேண்டும் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முகவரி மாறும், இணைப்பு மட்டும் மறுக்கப்படும். டெக்னோ டிம் என்ற பெயரில் அறியப்படும் யூடியூப் பதிவர் பராமரிக்கும் இன்னொரு கிளை, கியூப்-விஐபியையும், சேவைகளுக்கு முகவரி ஒதுக்கும் மெட்டல்எல்பியையும் சேர்த்தே நிறுவித் தருகிறது. வீட்டு ஆய்வகத்துக்கு அதை எடுத்துக்கொள்வது எளிய வழி. அலுவலகப் பயன்பாட்டுக்கு, கே3எஸ் திட்டத்தினர் பராமரிக்கும் மூலத் தொகுப்பின் மேல் எங்களுடைய சிறு ரோல் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதையே நான் விரும்பினேன்.

எஸ்டி கார்டு பற்றி ஓர் எச்சரிக்கை. எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் எழுதி, எழுதியது உறுதியான பிறகே அடுத்த அடி வைக்கும். எஸ்டி கார்டுகளும் ஈஎம்எம்சியும் அந்தச் சுமையைத் தாங்காது என்று கே3எஸ் ஆவணமே சொல்கிறது. பலகைகளை ஏஜென்ட்களாக மட்டும் வைத்து, சர்வர்களுக்கு எஸ்எஸ்டி கொடுத்தால் சிக்கல் இல்லை. பலகையைத்தான் சர்வராக்க வேண்டும் என்றால் யூஎஸ்பி வழியாக ஓர் எஸ்எஸ்டியை இணைத்துக்கொள்ளுங்கள்.

பிளேபுக்கை இரண்டாம் முறை ஓட்டும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாமல் விடுவதுதான் அன்சிபிளின் அடிப்படைக் கொள்கை. ஓடிக்கொண்டிருந்த கிளஸ்டரின் மீது அதே பிளேபுக்கை மீண்டும் ஓட்டியபோது மென்பொருள்கள் எதுவும் தடைபடவில்லை. இன்வென்டரியில் ஒரு புதிய ஏஜென்டைச் சேர்த்து ஓட்டியபோது அது மட்டும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: இன்வென்டரியிலிருந்து ஒரு வரியை நீக்கினால் அந்த நோடு கிளஸ்டரிலிருந்து நீங்கிவிடாது. கோப்பில் எழுதியதை நிறைவேற்றுவது மட்டுமே பிளேபுக்கின் வேலை. எழுதாததை அது தேடிப் போவதில்லை. நோடைக் காலி செய்து, கிளஸ்டரிலிருந்து நீக்கி, பிறகு அந்தக் கணினியில் கே3எஸ்-ஐ அகற்றுவது என்ற வரிசையை நாமே செய்ய வேண்டும்.

பதிப்பு உயர்த்துவதற்கான பிளேபுக் இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி. இன்வென்டரியில் பதிப்பு எண்ணை மாற்றி, அதற்குரிய பிளேபுக்கை ஓட்டினால், முதலில் சர்வர்கள், பிறகு ஏஜென்ட்கள் என்ற சரியான வரிசையில் வேலை நடக்கிறது. கே3எஸ் சேவை மறுதொடக்கம் ஆகும்போது அதன்கீழ் ஓடும் கன்டெய்னர்கள் நிறுத்தப்படுவதில்லை என்பதால், எங்கள் வருகைப் பதிவைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். குபர்னெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று சிறு பதிப்புகளை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாதம்தான் ஆதரவு. ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குக் குதிப்பதும் கூடாது, 1.28-இலிருந்து 1.30-க்குப் போக வேண்டுமானால் 1.29-ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். ஆகவே ஓராண்டு சும்மா இருந்துவிட்டால், பிறகு மூன்று முறை அடுத்தடுத்து உயர்த்த வேண்டிவரும். பிளேபுக் இருப்பதால் அந்த மூன்று முறையும் சலிப்பூட்டும் வேலையாக மட்டுமே இருக்கும், ஆபத்தான வேலையாக இருக்காது. இதையே கிளஸ்டருக்கு உள்ளிருந்து செய்ய ரான்ச்சரின் சிஸ்டம் அப்கிரேட் கன்ட்ரோலர் என்றொரு கருவியும் உண்டு. நோடுகள் பத்தைத் தாண்டினால் அதைப் பார்க்கலாம்.

இனி முக்கியமான சோதனைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை, எல்லாரிடமும் சொல்லிவிட்டு, ரீசெட் பிளேபுக்கை ஓட்டினேன். அது ஐந்து கணினிகளிலும் கே3எஸ்-இன் அகற்றும் ஸ்கிரிப்டை ஓட்டி எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் என்பதை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். லோக்கல்-பாத் சேமிப்பில் இருந்த தரவுகள், எட்சிடியின் உள்ளூர் நகல்கள் எல்லாம் கே3எஸ்-இன் தரவு அடைவுக்குள்தான் இருக்கின்றன. அந்த அடைவோடு அவையும் போய்விடும். உள்ளடங்கிய எட்சிடி இருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை நகல் எடுத்து ஐந்தை வைத்துக்கொள்வது கே3எஸ்-இன் இயல்பான ஏற்பாடு என்பதால், நகல் இருக்கிறது என்ற நிம்மதியில் பலர் இருக்கிறார்கள். நகல் இருக்கும் இடமும் அழியும் இடமும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். நாங்கள் முன்பே கிளஸ்டருக்கு வெளியே உள்ள எஸ்3 வகைச் சேமிப்பு ஒன்றுக்கு நகல்கள் போகும்படி அமைத்திருந்தோம்; அந்த விருப்பமும் கே3எஸ்-இலேயே இருக்கிறது, இன்வென்டரியில் சில வரிகள் எழுதினால் போதும்.

அழித்த பிறகு நிறுவல் பிளேபுக்கை ஓட்டினேன். வெறும் கிளஸ்டர் பத்து நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. ஐந்து நோடுகளும் அதே பெயர்களோடு, அதே பதிப்போடு, நாங்கள் நிறுத்திவைத்திருந்த அதே பாகங்கள் நின்றபடியே வந்தன. இந்த இடத்தில் தொகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். அடுத்த கட்டமான பழைய நிலையை மீட்பதற்குத் தொகுப்பு உதவவில்லை. அதை நான் கையால் செய்ய வேண்டியிருந்தது. முதல் சர்வரில் கே3எஸ்-ஐ நிறுத்தி, நகலிலிருந்து மீட்கும் விருப்பத்தோடு ஒரு முறை ஓடவிட்டு, மற்ற இரண்டு சர்வர்களின் பழைய தரவுத்தளத்தை நீக்கிவிட்டு அவற்றைத் திரும்பச் சேர்ப்பது என்பது அந்த வரிசை. நகல் எடுத்தபோது இருந்த டோக்கனே மீட்கும்போதும் வேண்டும். டோக்கன் மாறியிருந்தால், நகலில் மறையாக்கம் செய்து வைத்திருக்கும் சான்றிதழ்களைத் திறக்க முடியாது. நம்மிடம் நகல் இருந்தும் இல்லாத நிலை அது.

அடுத்து ஒரு முடிச்சு அவிழ வேண்டியிருந்தது. முன்பு சொன்ன நோடுக் கடவுச்சொற்கள் நகலுக்குள் பழையபடி இருந்தன. புதிதாக நிறுவப்பட்ட ஏஜென்ட்களிடம் புதிய கடவுச்சொற்கள் இருந்தன. ஆகவே மீட்ட கிளஸ்டர் இரண்டு பலகைகளையும் அடையாளம் காண மறுத்தது. அந்த நோடுகளைக் கிளஸ்டரின் பட்டியலிலிருந்து நீக்கினால் அவற்றின் பழைய கடவுச்சொல் பதிவும் சேர்ந்து நீங்கிவிடும். பிறகு அவை தாமாகவே சேர்ந்துகொள்ளும். காரணம் தெரிந்தால் ஒரு நிமிட வேலை. தெரியாமல் நள்ளிரவில் எதிர்கொண்டால் எவ்வளவு நேரமாகும் என்பதை நினைத்துப் பார்த்தேன், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மதிய உணவுக்கு முன் கிளஸ்டர் பழைய நிலைக்கு வந்தது. ஆவணக் கிடங்கின் கோப்புகள் எட்சிடி நகலில் வருவதில்லை என்பதால், அவற்றைத் தனி நகலிலிருந்து மீட்டோம்.

டோக்கனைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். மாதிரி இன்வென்டரியில் டோக்கன் இருக்கும் இடத்தில், மாற்றிக்கொள்ளுங்கள் என்று பொருள்படும் ஒரு சொல் வைக்கப்பட்டிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டால் பிளேபுக் தடுக்காது என்பதால், அந்தச் சொல்லோடு ஒரு கிளஸ்டர் உண்மையிலேயே எழுந்துவிடும். டோக்கனை அறிந்தவர் தன் கணினியையே சர்வராகச் சேர்த்துவிடலாம் என்பதை நினைத்தால் இது சிறிய விஷயமல்ல. நீண்ட, தற்போக்கான ஒரு சரத்தை உருவாக்கி, அதை அன்சிபிள் வால்ட் கொண்டு மறையாக்கம் செய்து வையுங்கள். இன்வென்டரி கோப்பு கிட் (Git) களஞ்சியத்தில் இருக்க வேண்டும், ஆனால் டோக்கன் வெளிப்படையாக அதில் இருக்கக் கூடாது. அதேபோல், நிர்வாகி குபெகான்ஃபிக்கை எல்லாரும் படிக்கும்படி திறந்துவிடும் விருப்பத்தைப் பல இணையப் பாடங்களில் பார்க்கலாம். வசதிக்காகச் செய்வது அது. அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் கிளஸ்டரின் முழு நிர்வாகி ஆகிவிடுவார்.

சான்றிதழ்கள் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். காலாவதி நெருங்கும்போது கே3எஸ் மறுதொடக்கம் ஆனால் தானே புதுப்பித்துக்கொள்ளும். முறையாகப் பதிப்பு உயர்த்துபவர்களுக்கு இதைப் பற்றிய நினைப்பே வராது.

மாற்றுக் கருவிகளையும் ஓரளவு பார்த்தேன். அலெக்ஸ் எல்லிஸ் எழுதிய கே3எஸ்அப் ஒற்றை பைனரி. பைத்தானோ அன்சிபிளோ வேண்டியதில்லை, எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு கட்டளையில் நிறுவி, இன்னொரு கட்டளையில் சேர்த்துவிடுகிறது. இரண்டு மூன்று கணினிகளை வைத்து ஒரு மாலைப்பொழுதில் முயன்று பார்ப்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் தீயரண், இயங்குதள அமைப்பு, பயனர் கணக்குகள் போன்ற கே3எஸ் அல்லாத வேலைகளை அது செய்யாது. எங்களுக்கு அவையும் ஒரே இடத்தில் வேண்டியிருந்தது. கெனோனிக்கல் தரும் மைக்ரோகே8எஸ் உபுண்டு பழகியவர்களுக்கு இதமானது, ஆனால் ஸ்னாப் என்னும் மென்பொருள் பொதி முறையோடு பிணைந்தது. மிரான்டிஸின் கே0எஸ், தன் கே0எஸ்சிடிஎல் கருவியோடு, ஒரே யாம்ல் கோப்பில் கிளஸ்டரை விவரிக்கும் அழகான வழியைத் தருகிறது. புதிதாகத் தொடங்குபவர் கே3எஸ், கே0எஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. டாலோஸ் லினக்ஸ் வேறொரு பாதை. அதில் ஷெல்லும் இல்லை, எஸ்எஸ்ஹெச்சும் இல்லை, எல்லாம் ஏபிஐ வழியாகவே நடக்கும். யாரும் உள்ளே நுழைந்து கையால் எதையும் மாற்ற முடியாது என்பதால் நீண்ட கால நோக்கில் அதுவே தூய்மையான வழியாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே டெபியனோ உபுண்டுவோ ஓடும் கணினிகளை அப்படியே பயன்படுத்த நினைப்பவருக்கு அது ஒத்துவராது.

மூன்று முதல் பத்துக் கணினிகள் வரை வைத்திருக்கும், லினக்ஸ் நிர்வாகம் ஓரளவு தெரிந்த, அன்சிபிள் கற்றுக்கொள்ளத் தயங்காத சிறு அணிகளுக்கு இந்தத் தொகுப்பை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். குபர்னெட்டிஸையே இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் முதலில் ஒரு முறை கையால் நிறுவிவிட்டு இதற்கு வரட்டும். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பிளேபுக்கை மட்டும் ஓட்டினால், முதல் தடங்கலிலேயே நின்றுவிட வேண்டியிருக்கும். ஒரே ஒரு கணினி மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வரிக் கட்டளையே போதும், இந்த ஏற்பாடு தேவையில்லை.

திட்டத்தினரிடம் நான் எதிர்பார்ப்பவை மூன்று. மாதிரி டோக்கன் மாற்றப்படாமல் இருந்தால் பிளேபுக் முதல் படியிலேயே நின்றுவிட வேண்டும். பொது ஏபிஐ முகவரிக்கு ஒரு விருப்பம் உள்ளேயே இருக்க வேண்டும். நிறுவவும், உயர்த்தவும், அழிக்கவும் பிளேபுக் இருப்பதுபோல், எட்சிடி நகலிலிருந்து மீட்பதற்கும் ஒன்று வேண்டும். அது வரும்வரை பயன்படுத்த, அந்தச் சனிக்கிழமை நான் கையால் செய்த வரிசையை அப்படியே ஒரு பிளேபுக்காக எழுதி, எங்கள் இன்வென்டரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை கிளஸ்டரை அழிக்கப்போவது நான் அல்ல. அணியில் புதிதாகச் சேர்ந்தவர் அழித்து, அந்தக் கோப்புகளை மட்டும் பார்த்து எழுப்ப வேண்டும் என்று தேதி குறித்துவிட்டோம்.